பிசிராந்தையாரிடம் உறவுமுறைச் சான்றிதழ் கேட்பவர்கள்

சென்ற இதழில் வந்த அந்தக் கட்டுரையை முக்கால் பாகம்வரை படித்தவர்கள் சொக்கிப்போயிருப்பார்கள். நானும் சொக்கினேன், மறைப்பானேன்? ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் சனிக்கிழமை காலையில் குடும்ப அட்டையும் துணிப்பையுமாக ரேஷன் கடைக்குக் கிளம்புகிறார். தேய்ந்துபோன அவருடைய கைரேகையை இயந்திரம் ஏற்க மறுக்கிறது. வீட்டுக்குத் திரும்பி மனைவியை அழைத்துவந்து, அவர் விரலை வைத்துப் பாமாயிலும் துவரம்பருப்பும் வாங்குகிறார். பிறகு வங்கியில் பாஸ்புக் பதிவு, மருந்துக் கடையில் அம்மையாருக்கு இரத்த அழுத்த மாத்திரை, திரும்பும் வழியில் கிளை நூலகம், சாப்பாட்டுக்குப் பின் சாய்வு நாற்காலியில் புறநானூறு, விளக்கு வைத்ததும் ஏதாவதொரு அயல்நாட்டு நாவல். நடை உறுத்தாமல் போகிறது. அப்புறம் கடைசி இரண்டு பக்கங்களில், இந்த எளிய இல்லறத்தை ஒருபால் இணையர் கேட்பது தேவையற்றது, தகாதது, தமிழ்ப் பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்று மூச்சுவிடாமல் தீர்ப்பு. புளியோதரைப் பொட்டலத்தை ஆசையாகப் பிரித்துத் தின்றுகொண்டே போனால் அடியில் பூரான்.

வேடிக்கை என்னவென்றால், இவரை மறுக்க வெளியிலிருந்து ஆதாரம் தேடி அலைய வேண்டியதே இல்லை. கட்டுரையின் முன்பாகமே பின்பாகத்தை மறுத்துக் கிடக்கிறது. அது எழுதியவர் கண்ணில்தான் படவில்லை. தன் விரல் செல்லாத இடத்தில் மனைவியின் விரல் செல்லுபடியானதை அவர் அன்பின் மகிமை என்று உருகி எழுதியிருக்கிறார். அன்பா? அட்டையில் அந்த அம்மையாரின் பெயர் இருந்தது, ஐயா. அதே தெருவில் இருபது வருடமாக ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் இரண்டு பெண்களிடமும் அன்புக்குப் பஞ்சம் இருக்காது, விரல்களும் பத்துப் பத்து இருக்கும். அட்டைதான் தனித்தனியாக இருக்கும். பேராசிரியர் சனிக்கிழமைகளில் அனுபவிப்பது இல்லறத்தின் கவித்துவம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் அனுபவிப்பது சட்டம். தண்ணீருக்குள் இருக்கிற மீனிடம் போய் ஈரத்தைப் பற்றிக் கேட்டால் அது என்ன சொல்லும்?

இதை மத்திய அரசே அவரைவிடத் தெளிவாகப் புரிந்துவைத்திருக்கிறது. திருமண உரிமை கேட்ட வழக்கை உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்து நின்ற அதே அரசு, 2024-ல் என்ன செய்தது? ரேஷன் அட்டைக்காக இத்தகைய இணையரை ஒரே குடும்பமாகக் கருதுங்கள் என்று உணவுத் துறை மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. கூட்டுக் கணக்குத் தொடங்கவும் இணையரை நாமினியாகப் போடவும் தடையேதும் இல்லை என்று நிதிச் சேவைகள் துறை ஆகஸ்ட் 28 அன்று விளக்கம் கொடுத்தது. நெருங்கிய உறவினர் இல்லாதபோது உடலை இணையரே பெற்றுக்கொள்ள வழி செய்யுமாறு சுகாதார அமைச்சகம் எழுதியது. ஆக, அரிசி வாங்கும்போது குடும்பம், பிணத்தை வாங்கும்போது குடும்பம், இடையில் உயிரோடு இருக்கிற அத்தனை வருடமும் அந்நியர். இந்தக் கேலிக்கூத்தைப் 'படிப்படியான முன்னேற்றம்' என்று பாராட்டுவதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். பேராசிரியருக்கோ இந்தச் சில்லறைகூட அதிகம்.

அதுதான் நாமினி போடலாமே, வேறென்ன வேண்டும் என்று கேட்கிறார். நாமினி என்றால் பணம் அவருக்கே சொந்தம் என்று நம்பும் அப்பாவிகளில் இவரும் ஒருவர் போலும். நாமினி பணத்தைக் கைநீட்டி வாங்குபவர், அவ்வளவுதான். அது போய்ச் சேர வேண்டியது சட்டப்படியான வாரிசுகளிடம் என்று காப்பீட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1984-லேயே சொல்லிவிட்டது. 2015-ல் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தியபோது, நாமினியே உரிமையாளரும் ஆவதற்கு ஒரு வழி திறந்தார்கள். யாருக்கு? பெற்றோருக்கு, கணவன் அல்லது மனைவிக்கு, பிள்ளைகளுக்கு. சிறுநீரகம் வேண்டும் என்று வந்தால், 1994-ஆம் ஆண்டின் உறுப்புமாற்றுச் சட்டப்படி கணவனும் மனைவியும் 'நெருங்கிய உறவு'. அந்தப் பட்டியலில் இல்லாத துணைவர் கொடுக்க முன்வந்தால், அங்கீகாரக் குழுவின் முன் போய் நின்று, காசுக்காகக் கொடுக்கவில்லை, பாசத்தால்தான் கொடுக்கிறேன் என்று மெய்ப்பிக்க வேண்டும். பேராசிரியரின் பாசத்தை இதுவரை எந்தக் குழுவாவது விசாரித்திருக்கிறதா?

இத்தனையையும் 'வெறும் காகிதம்' என்று ஒரு சொல்லில் ஊதித் தள்ளுகிறார். அதே பக்கத்தில் சற்று மேலே திருமணம் ஆயிரங்காலத்துப் பயிர், புனிதம், தமிழினத்தின் அச்சாணி. ஏதாவது ஒன்றில் நில்லுங்கள். காகிதம்தான் என்றால் கொடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே, அதற்கு ஏன் இரண்டு பக்கம்? புனிதம் என்றால், அந்தப் புனிதத்தை நாடி வருகிறவர்களை வாசலில் மறிக்கச் சொல்வது எந்த மார்க்கம்?

காகிதம் வேண்டாம் என்பதற்கு அவர் கூண்டேற்றும் சாட்சி பிசிராந்தையார். உறையூரில் கோப்பெருஞ்சோழன், பாண்டிய நாட்டில் பிசிராந்தையார், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை, சோழன் வடக்கிருந்தான், புலவர் தேடி வந்து உடன் உயிர்விட்டார். இந்த உறவுக்கு எந்தப் பதிவாளர் முத்திரை குத்தினார் என்று கேட்டுவிட்டு, கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்துகிறார். என் தரப்பிலும் அவசரக்காரர்கள் உண்டு என்பதால் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்: அந்த இருவரையும் காதலர்கள் என்று வாசிக்கப் பாடல்களில் இடமில்லை, எனக்கு அந்த ஆசையும் இல்லை. பழைய நட்புகளையெல்லாம் நம் கட்சிக்கு உறுப்பினராகச் சேர்ப்பது சோம்பேறிகளின் வாசிப்பு. ஆனால் பணிக்காலம் முழுக்க வகுப்பில் நடத்திய அந்தப் பாடல்களைப் பேராசிரியர் ஒருமுறை படித்தும் பார்த்திருக்கலாம்.

சோழன் எதற்காக வடக்கிருந்தான்? பெற்ற பிள்ளைகளே அவன்மேல் படைதிரட்டி வந்தார்கள். அவன் பதிலுக்குப் போருக்கு எழ, புல்லாற்றூர் எயிற்றியனார் குறுக்கே நின்று, வென்றால் இந்த நாட்டை யாருக்கு விட்டுச்செல்வாய் என்கிற தொனியில் இடித்துரைக்க வேண்டியதாயிற்று. திருமணத்தின் ஒரே பயன் சந்ததி என்று எழுதிய அதே பேனா, சந்ததியால் சாகத் துணிந்த அரசனைச் சாட்சிக்கு இழுத்துவருகிறது! இதற்குமேல் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு என்ன வேலை?

அது போகட்டும். வடக்கிருந்த இடத்தில் சோழன் செய்த காரியம் ஒன்று உண்டு. பிசிராந்தையார் வருவார், அவருக்கு என் பக்கத்தில் இடம் விட்டு வையுங்கள் என்றான். முன்பின் பார்த்திராத ஒருவர் எங்கே வரப்போகிறார் என்று சுற்றியிருந்த சான்றோர் ஐயப்பட்டார்கள். அவன் விட்டுக்கொடுக்கவில்லை, இடம் ஒதுக்கப்பட்டது. உடன் உயிர்விட நின்ற பொத்தியாரை, உன் மனைவிக்குப் பிள்ளை பிறந்த பின் வா என்று திருப்பி அனுப்பியவனும் அவனே. அவர் பிறகு வந்து நடுகல்லைப் பார்த்து, எனக்கான இடம் எது என்று கேட்கிறார். அந்தப் பாடல் வரிசை முழுக்க இதுதான் பேச்சு: சாகிறவனுக்குப் பக்கத்தில் யாருக்கு இடம்? அந்த இடம் நட்பு உண்மையாக இருந்ததால் தானாக முளைத்துவிடவில்லை. ஒருவன் வாய் திறந்து ஆணையிட்டான், ஐயப்பட்டவர்கள் கீழ்ப்படிந்தார்கள். ஆணையிட்டவன் வேந்தன்.

இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வாருங்கள். உள்ளே கிடப்பவர் வேந்தரல்லர்; தொண்டையில் குழாய் செருகியிருப்பதால் வாயும் திறக்க முடியாது. வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் பதினைந்து வருடத் துணை. படிவத்தோடு வருகிற செவிலியர் கேட்பது ஒரே கேள்வி: "நீங்க அவருக்கு என்ன வேணும்?" தம்பி என்று பொய் சொல்லலாம், ஆதார் அட்டையில் தகப்பன் பெயர் காட்டிக்கொடுத்துவிடும். ஃப்ரெண்டு என்று பாதி உண்மை சொல்லலாம், "சொந்தக்காரங்க யாராச்சும் வரட்டும் சார்" என்று பதில் வரும். பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் ஊரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்து 'உறவுமுறை' என்ற கட்டத்தை நிரப்பிக் கையெழுத்துப் போடுவார்; போட்டதும், இவன் எதுக்கு இங்கே என்று கேட்பார். சோழன் வாயால் சொன்னதைச் சோழனல்லாதவர்களுக்காகச் சொல்லிவைக்கிற காகிதத்துக்குத்தான் திருமணச் சான்றிதழ் என்று பெயர். பிசிராந்தையாரே வந்தாலும் அந்தக் கதவில் நிறுத்திவைத்துவிட்டு, 'உண்மை நட்புக்கு முத்திரை எதற்கு' என்று கட்டுரை எழுதப் பேராசிரியரால் முடியும்.

சந்ததி வாதத்துக்குச் சோழன் வீட்டுப் பிள்ளைகளே போதுமென்றாலும், இன்னொரு வீட்டையும் எட்டிப் பார்த்துவிடுவோம். மெரினாவில் சிலம்பேந்தி நிற்கும் கண்ணகிக்குப் பிள்ளை ஏது? கோவலனின் மகள் மணிமேகலை பிறந்தது மாதவி வயிற்றில், தீவலம் வந்த மணத்துக்கு வெளியே. பேராசிரியரின் வரையறைப்படி மாநாய்கனும் மாசாத்துவானும் யானைமேல் மகளிரை ஏற்றி ஊருக்கெல்லாம் அறிவித்து நடத்தியது திருமணமே ஆகாது. சிலப்பதிகாரத்தை அவர் எந்த மனத்தோடு பாடம் நடத்தியிருப்பார்? சட்டப் புத்தகத்துக்கு வந்தால், 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 என்று கீழ்வரம்பு போட்டதே தவிர மேல்வரம்பு போடவில்லை. எழுபது வயதில் இருவர் வந்து கையெழுத்திட்டால், எத்தனை பிள்ளைகள் பெற உத்தேசம் என்று பதிவாளர் கேட்பதில்லை. முதுமையில் தனித்துப்போனவர்கள் மறுமணம் செய்துகொள்வதை வாழ்த்தி இதே பேராசிரியர் முன்பொரு முறை உருக்கமாக எழுதியிருந்தார். அங்கே துணை போதும், இங்கே பிள்ளை வேண்டும். அளவுகோல் ரப்பரில் செய்தது.

மேற்கத்திய இறக்குமதி என்பதை அலுப்போடுதான் தொட வேண்டியிருக்கிறது. இறக்குமதியானது எது? மெக்காலே வரைந்து 1860-ல் சட்டமான தண்டனைத் தொகுப்பின் 377-ஆம் பிரிவு. அதன் கடைசி முள்ளை உச்ச நீதிமன்றம் பிடுங்கியது 2018 செப்டம்பர் 6 அன்று. ஒருவனுக்கு ஒருத்தி என்பதையாவது ஆயிரமாண்டு மரபு என்று பேராசிரியர் மார்தட்டட்டும் என்று பார்த்தால், சென்னை மாகாணத்தில் இந்து ஆண்களுக்கு அது சட்டமானது 1949-ல். அதுவரை மரபு இரண்டாம் தாரத்துக்கும் மூன்றாம் தாரத்துக்கும் பந்தல் போட்டுக்கொடுத்தது. ஒருபால் திருமணத்தைச் சட்டமாக்கிய தைவானும் (2019) தாய்லாந்தும் (2025) எந்த மேற்கில் இருக்கின்றன என்று உலகப் படத்தைப் பார்த்துச் சொல்லட்டும். நகரத்து மேட்டுக்குடியின் மோகம் என்ற வசைகூட அவருடைய சொந்தச் சரக்கில்லை. 2023 ஏப்ரலில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மனுவில் இருந்து எடுத்தது. 1987-ல் தங்களுக்குள் மணம் செய்துகொண்டதற்காக மத்தியப் பிரதேச ஆயுதப் படையிலிருந்து வெளியேற்றப்பட்ட இரண்டு பெண் காவலர்கள் எந்த மேட்டுக்குடி? தூத்துக்குடிக் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, பதிவுசெய்ய மறுத்த சார்பதிவாளரை எதிர்த்து மதுரைக் கிளைக்குப் போய், மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதனிடம் 2019-ல் தீர்ப்பு வாங்கிவந்த இணையர் எந்த ஆங்கில நாவலைப் படித்துக் கெட்டார்கள்?

திருநங்கைகள் என்றதும் கூவாகம் நினைவுக்கு வந்துவிடுகிறது அவருக்கு. பார்த்தீர்களா, நம் பண்பாடு எப்போதோ அரவணைத்துவிட்டது என்கிறார். சித்திரையில் கூத்தாண்டவர் பேரால் பூசாரி தாலி கட்டுவார், மறுநாள் அரவான் களப்பலி, தாலி அறுபடும், வளையல் உடையும், வெள்ளைச் சேலை. ஒரு ராத்திரி சுமங்கலி, விடிந்தால் விதவை. அந்தச் சடங்கைக் கொண்டாடுகிறவர்களின் துயரத்தையும் பக்தியையும் நான் மதிக்கிறேன். அதை அரவணைப்புக்கு அத்தாட்சியாகக் காட்டுகிற பேராசிரியரின் துணிச்சலைத்தான் மதிக்க முடியவில்லை. தன் மகளுக்கு இப்படியொரு வரன் வந்தால் ஜாதகம் பார்ப்பாரா?

மரபு, மரபு என்கிறாரே, தொல்காப்பியக் கற்பியலை அவருக்கு நான் எடுத்துக்காட்ட வேண்டியிருப்பது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. மணச் சடங்கு எப்படி வந்தது என்று அங்கே தொல்காப்பியர் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். களவில் கூடியவர்கள் பொய் சொல்லவும் தவறவும் தலைப்பட்டார்கள். அதன் பிறகு பெரியோர் சடங்கை வகுத்தார்கள். மேலோருக்கென்று இருந்தது கீழோருக்கும் ஆன ஒரு காலம் உண்டு என்பதும் அதே இடத்தில் இருக்கிறது. சாதியடுக்கின் வாசனை அதில் வீசுகிறது, மறுக்கவில்லை. ஆனாலும் அந்தப் பழைய இலக்கணக்காரருக்கு இருந்த தெளிவைப் பாருங்கள்: மணம் என்பது வானத்திலிருந்து விழுந்ததில்லை, 'இவள் யாரென்றே எனக்குத் தெரியாது' என்று ஒருவன் கைவிரித்துவிடாமல் இருக்க மனிதர்கள் செய்துகொண்ட ஏற்பாடு, முதலில் சிலருக்கு இருந்தது, பிறகு மற்றவர்களுக்கும் விரிந்தது. உரையாசிரியர்களோடு குடித்தனம் நடத்திய பேராசிரியர் இதைத் தாண்டிக் குதித்துப் போனது மறதியாலா?

இனி அவருடைய மாலை நேர வாசிப்பு. இந்தக் காதல்களை உலக இலக்கியத்தில் படித்து நெகிழ்ந்திருக்கிறாராம், ஜேம்ஸ் பால்ட்வினின் 'ஜியோவானியின் அறை' அவரை இரவெல்லாம் தூங்கவிடவில்லையாம். இலக்கியத்தில் ரசிக்கலாம், பதிவாளர் அலுவலகத்தில் கூடாது என்பது அவர் கண்டுபிடித்த சமரசம். 1956-ல் வந்த அந்த நாவலில் ஜியோவானி கில்லட்டினுக்குப் போகிறான். அவன் கழுத்து போகிறவரை பேராசிரியருக்கு அவனோடு ஒரு பிணக்கும் இல்லை. பிழைத்துக்கொண்டு, வீடு வாடகைக்கு எடுத்து, காய்கறிப் பையோடு வரிசையில் வந்து நின்றால்தான் பண்பாடு பதறுகிறது. இது இவருக்கு மட்டும் உள்ள நோய் என்று சொல்ல மாட்டேன். ஈ.எம். ஃபார்ஸ்டர் 1913-14-ல் 'மாரிஸ்' நாவலை எழுதினார். இரண்டு ஆண்களின் காதல் நல்லபடியாக முடிய வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். அது அச்சேறியது 1971-ல், அவர் இறந்த மறுவருடம். காதலர்களைச் சாகடித்திருந்தால் முன்பே வெளியிட்டிருக்கலாமோ என்ற எண்ணம் அவருக்கே இருந்தது. வாசகர்களின் கண்ணீருக்கு எப்போதும் சந்தை உண்டு, அந்தப் பாத்திரங்களின் சந்தோஷத்துக்குத்தான் ஐம்பத்தேழு வருடக் காவல்.

நம் நாட்டிலேயே ஒன்று காட்டட்டுமா? கல்யாண வயதில் இருக்கும் மகளுக்கு அம்மா வரன் தேடுவதை ஆயிரத்து முந்நூறு பக்கத்துக்கு மேல் எழுதி, அதை உலகமே படிக்கும்படி செய்தவர் விக்ரம் சேத். 'எ சூட்டபிள் பாய்', 1993. இந்தியத் திருமணத்தின் வாசலையும் கொல்லையையும் அவ்வளவு நுணுக்கமாக அறிந்த அந்த எழுத்தாளர், தன்பாலீர்ப்பை மீண்டும் குற்றமாக்கிய 2013 தீர்ப்பை ஒட்டி, தான் குற்றவாளி அல்ல என்று எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டு ஒரு பத்திரிகை அட்டையில் நிற்க வேண்டியிருந்தது. அவருடைய தாய் லீலா சேத், இந்திய உயர் நீதிமன்றம் ஒன்றின் முதல் பெண் தலைமை நீதிபதி, மகனுக்காக வெளிப்படையாக எழுதினார். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் ஒரு பெண்ணைப் பெற்றோர் பிடியிலிருந்து விடுவித்துத் தன் துணையோடு போக அனுமதித்தபோது, எல்லாத் தாய்மாரும் லீலா சேத் ஆகிவிட முடியாதே என்று ஆதங்கப்பட்டார்கள். குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. பேராசிரியர் இதைப் பிடித்துக்கொண்டு, பார்த்தீர்களா திருமணம் வேண்டாமென்று நீதிமன்றமே சொல்லிவிட்டது என்று அடுத்த கட்டுரையில் எழுதுவார், இப்போதே சொல்லிவைக்கிறேன். ஒரு கதவு அடைத்திருக்கிறது என்பதால் ஜன்னலைத் திறந்துவிட்டார்கள் நீதிபதிகள். கதவை அடைத்தது சரி என்று அதற்குப் பொருளா?

நீதிமன்றம் என்றாலே அவருக்கு ஒரு விசித்திர பக்தி. 2018-ல் 377 போனபோது, மக்கள் மன்றம் தீர்மானிக்க வேண்டியதை நீதிபதிகள் எப்படித் தீர்மானிக்கலாம் என்று கொதித்தார். 2023 அக்டோபர் 17 அன்று ஐந்து நீதிபதிகள் ஒருபால் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்ததும், உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, இனி யார் பேச முடியும் என்கிறார். தலைப்பைத் தாண்டிப் படித்தாரா? திருமணம் செய்துகொள்வது அரசமைப்பு தந்த அடிப்படை உரிமை அல்ல என்றார்கள் ஐவரும். உரிமை இல்லாதது அவர்களுக்கு மட்டுமில்லை, பேராசிரியருக்கும்தான். நீதிமன்றம் பிளவுபட்டது அடுத்த கட்டத்தில்: இணைவுக்குச் சட்ட அங்கீகாரம் வேண்டும் என்றார்கள் சந்திரசூட்டும் கவுலும், ரவீந்திர பட், ஹிமா கோலி, நரசிம்மா மூவரும் அது சட்டமியற்றுவோர் வேலை என்றார்கள். வேலை உங்களுடையது என்று நாடாளுமன்றத்தைக் கைகாட்டியதைத்தான், பேச்சு முடிந்தது என்று மொழிபெயர்க்கிறார் நம் ஆள்.

இவ்வளவு படித்தவர் இவ்வளவு தடுமாறுகிறார் என்றால் காரணம் அறியாமையாக இருக்காது. கட்டுரையில் ஓர் இடத்தில் வாய் தவறிவிட்டது: திருமணம் இரு மனிதர்களின் ஒப்பந்தம் என்று ஆகிவிட்டால், 'குடும்பங்களுக்கு அதில் என்ன பிடி இருக்கும்' என்று கேட்டிருக்கிறார். பிடி! அதுதானே சங்கதி? சாதியின் உயிர்நிலை அகமணத்தில் இருக்கிறது என்று அம்பேத்கர் கொலம்பியாவில் கட்டுரை வாசித்தது 1916-ல். யார் யாரை மணக்கலாம் என்று தீர்மானிக்கிற அதிகாரம் கைவிட்டுப் போனால் மிச்சம் எதுவும் நிற்காது என்பது அதைக் காப்பவர்களுக்கு அம்பேத்கரைப் போலவே நன்றாகத் தெரியும். அதனால்தான் வயதுவந்த இருவர் பதிவுத் திருமணத்துக்கு மனுக் கொடுத்தால் முப்பது நாள் அறிவிப்புப் பலகையில் தொங்க வேண்டியிருக்கிறது, அந்த முப்பது நாளில் ஊரிலிருந்து சுமோ கிளம்பிவிடுகிறது. இரண்டு பெண்கள் பதிவாளர் மேசைக்கு வந்தால் அங்கே கோத்திரமும் கிடையாது, பெண் கொடுப்பதும் எடுப்பதும் கிடையாது, சீர்வரிசைப் பட்டியல் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. பேராசிரியரை நடுங்கவைப்பது அவர்களுடைய படுக்கையறை என்று நினைப்பவர்கள் அவரைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

கடைசியாக, சமுதாயம் பக்குவப்படட்டும், பிறகு பார்க்கலாம் என்று பெரிய மனதோடு முடிக்கிறார். இந்த வரிக்கு இரண்டு பத்தி முன்னால், ஐம்பதுகளில் தாலியும் மந்திரமும் இல்லாமல் நடந்த தன் பெற்றோரின் சுயமரியாதைத் திருமணத்தைப் பற்றி அவர் பெருமை பேசியிருக்கிறார். பேசட்டும், பேச வேண்டிய பெருமைதான். ஆனால் அதே ஐம்பதுகளின் தொடக்கத்தில், சடங்கில்லாத அப்படியொரு திருமணம் சட்டப்படி செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்ததை அவர் சொல்லவில்லை. மேடையில் மாலை மாற்றி ஊரறிய வாழ்ந்த அந்த அம்மையார், சட்டத்தின் கணக்கில் மனைவி இல்லை. அப்போது சமுதாயம் பக்குவப்பட்டா கிடந்தது? ஐயர் வராத கல்யாணமும் ஒரு கல்யாணமா என்று கேட்ட வாய்கள்தானே தெருவெல்லாம்? அண்ணாவின் அரசு வந்தது, 1967-ல் இந்துத் திருமணச் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்தது, 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. உறவினரோ நண்பரோ முன்னிலையில் மாலை மாற்றினாலும் மோதிரம் அணிவித்தாலும் போதும் என்றது. அத்தோடு நிற்காமல், முன்பே நடந்துமுடிந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்றது. பக்குவத்துக்கு ஒரு பத்தாண்டு தவணை கொடுத்திருந்தால், தாத்தா விட்டுப்போன நிலத்தில் பேராசிரியருக்குப் பங்கு எந்தக் கணக்கில் வந்திருக்கும் என்பதை அவர் தன் குடும்ப வக்கீலிடம் விசாரித்துக்கொள்ளட்டும்.